பாட்டை அலகிட்டுப் படிப்பது எப்படி: பா, சீர், மெய்ப்பாடு

ஒரு பாட்டைக் கொடுத்துப் பகுத்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் மூன்று பத்திகள் வரும். முதல் பத்தியில் பொருள் இருக்கும். இரண்டாவதில் "சோகச்சுவை ததும்புகிறது" என்று உணர்ச்சிக்கு ஒரு பெயர் இருக்கும். மூன்றாவதில் "இது நேரிசை ஆசிரியப்பா" என்று ஒரு வரி. மூன்றும் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இருக்காது. பாவின் பெயரைச் சொன்னதால் சோகம் கூடுதலாகப் புரிந்ததா என்றால் இல்லை.

இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள் என்பதுதான் என் யோசனை. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் எண்ணுங்கள். பாட்டின் ஓட்டம் எந்த இடத்தில் சீராக இருக்கிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறுகிற இடத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று அதன்பிறகு பாருங்கள். உணர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யாப்பிலக்கணம் மனப்பாடத்துக்கான பாடமாகப் பள்ளியில் வந்து போய்விடுவதால் அது படிப்பதற்கான கருவி என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

இதற்கு முன்னறிவு அதிகம் வேண்டாம். குறில் எது, நெடில் எது, ஒற்று எது என்று தெரிந்தால் போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டைச் சீர் பிரித்து எழுதுங்கள்

பாட்டின் ஒவ்வோர் அடியும் சீர் என்னும் துண்டுகளால் ஆனது, ஒவ்வொரு சீரும் அசை என்னும் சிறு ஒலித்துண்டுகளால் ஆனது. இவற்றைப் பிரித்து எண்ணுவதுதான் அலகிடுதல். பழம்பாடல்கள் இரண்டு விதமாக அச்சாகின்றன. ஒன்று சீர் பிரித்த பாடம், மற்றொன்று எளிதாகப் படிப்பதற்காகச் சந்தி பிரித்த பாடம். இணையத்தில் கிடைப்பவற்றில் பல இரண்டாவது வகை. பொருள் புரிய அது உதவும், ஆனால் அலகிட உதவாது. "அவ்வெண் நிலவின்" என்று சொல்லைப் பிரித்து அச்சிட்டால் கண்ணுக்கு இதம். யாப்பின்படி அது "அவ்வெண் ணிலவின்". இந்த இடத்தில் அசை மாறவில்லை. வேறு இடங்களில் மாறிவிடும். "வாழ்வார்க்கு உரை" என்று பிரித்தால் "வாழ்வார்க்கு" மூன்று அசையாகிவிடும். "வாழ்வார்க் குரை" என்றால் இரண்டே அசை. ஒரு சொல்லின் நடுவில் வெட்டி அடுத்த சீருக்குத் தள்ளுவதற்கு வகையுளி என்று பெயர். அச்சில் அது விநோதமாகத் தெரியும், ஆனால் அதுதான் நமக்குத் தேவையான பாடம்.

அளபெடையையும் (ஓசைக்காக எழுத்தை நீட்டுவதையும்) அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். "உறாஅர்க் குறுநோய்" என்று தொடங்கும் குறளில் (1200) அந்த "அ" இல்லாவிட்டால் "உறார்க்" என்பது ஒற்றை அசையாகச் சுருங்கிவிடும். முழுச் சீராக நிற்பதற்காகவே அது நீள்கிறது. பாட்டின் ஓசைக்காக நீட்டிய இடத்தில் நீட்டித்தான் படிக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் வாய்விட்டு இரண்டு மூன்று தரம் படியுங்கள். இப்போதைக்கு ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், நாக்குக்கு அந்த வரி பழகட்டும்.

அசை பிரித்தல்

பயிற்சிக்கு ஒரு குறளை எடுத்துக்கொள்வோம். பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள், எண் 1151:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

அசை இரண்டே வகை: நேர், நிரை. ஒரு சீரின் முதல் எழுத்தில் தொடங்குங்கள். அது நெடிலாக இருந்தால் தனியாகவே நேரசை. பின்னால் ஒற்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். முதல் எழுத்து குறிலாக இருந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது ஒற்று என்றால் குறிலும் ஒற்றும் சேர்ந்து நேரசை. அடுத்தது குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரையசை. அதற்குப் பின்னால் ஒற்று இருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். குறிலுக்கு அடுத்து அந்தச் சீரில் எழுத்தே இல்லை என்றால், அந்தத் தனிக்குறில் நேரசை. ஓர் அசை முடிந்ததும் மிச்சம் இருப்பதில் இதையே திரும்பச் செய்யுங்கள். அவ்வளவுதான்.

செல் / லா / மை: நேர் நேர் நேர்
உண் / டேல்: நேர் நேர்
எனக் / குரை: நிரை நிரை
மற் / றுநின்: நேர் நிரை
வல் / வர / வு: நேர் நிரை நேர்
வாழ்/ வார்க்: நேர் நேர்
குரை: நிரை

ஒற்றுக்குத் தனியாக இடம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று வந்தாலும் "வாழ்ந்" போல இரண்டு வந்தாலும் முன்னிருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஐகாரம். சீரின் முதலில் வந்தால் அது நெடில். நடுவிலும் கடைசியிலும் வந்தால் குறுகிவிடுவதால் குறில்போல எண்ணவேண்டும். "எந்தையும்" என்ற சீரை எந் / தையும் என்று நேர் நிரையாகத்தான் பிரிக்கவேண்டும். தை தனி, யும் தனி என்று மூன்று அசையாக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்களின் அலகிடல் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சீருக்குப் பெயர்

ஈரசைச் சீர்கள் நான்கு. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இந்தப் பெயர்களை அசை பிரித்துப் பார்த்தால் அதே அமைப்புதான் வரும்: தே / மா, புளி / மா, கரு / விளம், கூ / விளம். அதனால் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம். கடைசியில் ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர்: தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். ஒரு நிரை சேர்ந்தால் கனிச்சீர். வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடு இருக்கிறது. "குரை" ஒற்றை நிரை, ஆகவே மலர். "அகர முதல" குறள் "உலகு" என்று முடிகிறது. நிரையோடு ஓர் உகரம் சேர்ந்ததால் அது பிறப்பு.

நம் குறள் இப்படி நிற்கிறது:

தேமாங்காய், தேமா, கருவிளம், கூவிளம்
கூவிளங்காய், தேமா, மலர்

இந்த இரண்டு வரியை ஒரு நிமிடம் பாருங்கள். மூன்றசைச் சீர்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் அடியின் தலையில் இருக்கின்றன. செல்லாமை, வல்வரவு. போகாமல் இருப்பது ஒன்று, போய்விட்டு விரைந்து திரும்புவது மற்றொன்று. இதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

தளை பார்த்துப் பாவைக் கண்டுபிடித்தல்

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் முதல் அசையும் எப்படிச் சேர்கின்றன என்பது தளை. வெண்பாவுக்கு மூன்று விதிகள் போதும்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இவை மட்டுமே வந்தால் வெண்டளை. மேலே உள்ள குறளில் செல்லாமை (காய்) முன் உண் (நேர்), உண்டேல் (மா) முன் எனக் (நிரை), எனக்குரை (விளம்) முன் மற் (நேர்) என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் போங்கள். முதல் அடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாம் அடியின் முதல் சீருக்கும் இடையிலும் பார்க்கவேண்டும். ஓரிடத்தில்கூடத் தப்பாது.

மா முன் நேரும் விளம் முன் நிரையும் வந்தால் ஆசிரியத்தளை. காய் முன் நிரை கலித்தளை. கனி முன் எது வந்தாலும் வஞ்சித்தளை.

இனி அடிகளை எண்ணுங்கள். எல்லா அடியும் நான்கு சீர், கடைசி அடி மட்டும் மூன்று சீர், தளை முழுக்க வெண்டளை என்றால் வெண்பா. நான்கு சீர் அடிகளாக வந்து ஆசிரியத்தளையும் பிற தளைகளும் கலந்திருந்தால் ஆசிரியப்பா. அதில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராக இருந்தால் நேரிசை ஆசிரியப்பா, எல்லா அடியும் நான்கு சீர் என்றால் நிலைமண்டில ஆசிரியப்பா. சங்கப் பாடல்களில் பெரும்பகுதி ஆசிரியப்பாதான். கலிப்பாவும் வஞ்சிப்பாவும் தொடக்கத்தில் அவ்வளவாக எதிர்ப்படாது. அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூலும் அதன் உரையும் அதற்குப் போதும்.

அடிதோறும் ஒரே சீரமைப்பு திரும்பத் திரும்ப வந்து, நான்கு அடியும் ஒரே எதுகையில் நின்றால் அது விருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பராமாயணத்தின் முதல் பாட்டைப் பாருங்கள்.

உலகம் யாவையும் தாமுள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவர் அன்னவர்க் கேசரண் நாங்களே

அடிக்கு நான்கு சீர். நான்கு அடியிலும் புளிமா, கூவிளம், கூவிளம், கூவிளம். ஓரிடம்கூட மாறவில்லை. இது கலிவிருத்தம். அலகிட்டுப் பழக இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. பிழை செய்தால் உடனே தெரிந்துவிடும்.

அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. பாட்டை உள்ளிட்டால் அசையும் சீரும் தளையும் பிரித்துத் தரும். கையால் அலகிட்ட பிறகு சரிபார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள். முதலிலேயே அதில் போட்டுப் பார்த்துவிட்டால், எங்கே தடுக்கியது, எங்கே சரளமாகப் போனது என்பது உங்கள் காதுக்கு எட்டாமலே போய்விடும்.

தொடை

எழுத்துகளின் ஓசை ஒன்றி வந்து சொற்களை இணைப்பது தொடை. அடிகளின் முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ஓர் அடிக்குள்ளேயே சீர்களுக்கு இடையிலும் இவை வரும். எதுகையில் முதலெழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் இருக்கவேண்டும்.

தொடையைக் கண்டுபிடித்து "இணை மோனை", "பொழிப்பு எதுகை" என்று பெயரிடுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நமக்குத் தேவை அடுத்த கேள்வி: எந்த இரண்டு சொற்களை இந்த ஓசை சேர்த்துக் கட்டுகிறது? நம் குறளில் அடியெதுகை செல்லாமைக்கும் வல்வரவுக்கும். பாட்டின் வழக்கே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். "போகவில்லை என்றால் என்னிடம் சொல். போய்விட்டு விரைந்து வருவேன் என்பதானால், அதுவரைக்கும் உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல்." காதலன் முன்வைக்கும் இரண்டு பேச்சுகளும் அடியின் தலையில், மூன்றசைச் சீராக, ஒரே எதுகையில் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டு அடியிலும் "உரை" என்ற சொல் வருகிறது. முதல் அடியில் அது சீருக்குள் அடங்கி அடியின் நடுவில் இருக்கிறது. இரண்டாம் அடியில் அது மட்டுமே கடைசிச் சீர். "வாழ்வார்க்" என்று இழுத்து, "குரை" என்று பேச்சை அறுத்துவிடுகிறாள். வகையுளி இங்கே வெறும் யாப்பு வசதி இல்லை, படிக்கும்போது அந்த வெட்டு காதில் விழுகிறது.

யார் பேசுகிறார்கள்

மெய்ப்பாட்டுக்கு, அதாவது பாட்டில் வெளிப்படும் உணர்ச்சிக்கு, போகும் முன் இந்தக் கேள்வியைத் தாண்டவே கூடாது. யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில்? சங்கப் பாடல்களுக்குத் திணை, துறை, கூற்று என்று பழைய குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பாருங்கள், ஆனால் பாட்டைப் படித்த பிறகு பாருங்கள். சில இடங்களில் கூற்று மாறினால் உணர்ச்சியும் மாறும். மேலே உள்ள குறளைத் தலைவியே சொல்வதாகப் படித்தால் "நீ போனால் நான் இருக்கமாட்டேன்" என்ற துயரம் மேலோங்கும். தோழி சொல்வதாகப் படித்தால் அதே சொற்களில் ஒரு கண்டிப்பு ஏறிவிடும். இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், குரல் தானாக மாறும்.

மெய்ப்பாடு

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பயன்படுத்தப்படாதது அதற்கு அடுத்த பகுதி. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் தருகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

புதிதாகப் படிப்பவருக்கு இதுதான் உண்மையான உதவி. "சோகம்" என்று எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அழுகை என்று எழுதிவிட்டு, எதனால் வந்த அழுகை என்று கேட்டால் பாட்டுக்குள் திரும்பிப் போகவேண்டியிருக்கும். பிறர் இழிவு செய்ததாலா? உறவையோ உடைமையையோ இழந்ததாலா? நல்ல நிலை தளர்ந்ததாலா? வறுமையாலா? ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பாட்டிலிருந்து சான்று காட்டியாகவேண்டும்.

எல்லாப் பாட்டும் எட்டில் ஒன்றுக்குள் அழகாக உட்காராது. அந்தக் குறளில் அழுகை இருக்கிறது, அதோடு ஒரு கோபக் கூர்மையும் இருக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள். பட்டியலுக்காகப் பாட்டை வளைக்காதீர்கள்.

வல்லினம் வந்தால் சினம், மெல்லினம் வந்தால் மென்மை என்ற சூத்திரத்தையும் நம்பாதீர்கள். அது சில பாட்டில் பொருந்தும், பல பாட்டில் பொருந்தாது. அடுத்துப் பார்க்கப்போகும் பாட்டில் மிகக் கடுமையான சொல் "இலமே". அதில் ஒரு வல்லெழுத்துகூட இல்லை.

எல்லாவற்றையும் ஒரு பாட்டில் சேர்த்துப் பார்ப்போம்

புறநானூறு 112. பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டு, கடைசியில் அவன் கொல்லப்பட்டான். அதன் பிறகு அவன் மகளிர் பாடியது. திணை பொதுவியல், துறை கையறுநிலை (இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவது).

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எங்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அலகிட்டால்:

தேமா, தேமா, தேமா, புளிமா
கூவிளம், புளிமா, தேமாங்காய், கருவிளம்
தேமா, தேமா, தேமா, புளிமா
கூவிளம், புளிமா, கூவிளம்
தேமா, தேமாங்காய், கூவிளம், புளிமா

தொடக்கத்திலேயே மா முன் நேர் வருகிறது, ஆசிரியத்தளை. "அவ்வெண்" முன் "ணிலவின்" வரும்போது வெண்டளையும் கலக்கிறது. நான்காம் அடி மூன்று சீர். ஏகாரத்தில் முடிகிறது. நேரிசை ஆசிரியப்பா. பள்ளித் தேர்வுக்கு இது போதும். நாம் இங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

முதல் அடியும் மூன்றாம் அடியும் சீருக்குச் சீர் ஒன்றே. அமைப்பு மட்டும் அல்ல, சொற்களும் ஏறக்குறைய அவையே. அற்றை இற்றை ஆகிறது, அவ் இவ் ஆகிறது. இரண்டு எழுத்துகள்தான் மாறியிருக்கின்றன. நிலவு அதே நிலவு, அதே முழுமதி. மாதம் ஒன்று கடந்திருக்கிறது. இந்த ஒற்றுமையைக் காது பிடித்துக்கொண்டதும், அடுத்த அடியும் முன்புபோலவே "எந்தையும் உடையேம்" என்று வரும் என எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அங்கே "வென்றெறி முரசின் வேந்தர்" வந்து நிற்கிறார்கள். முதல் பாதியில் இடமே இல்லாதவர்கள் அவர்கள். வெ, வே என்ற மோனையோடு, முரசோடு நுழைகிறார்கள். மூவர் கூடியும் நேர்ப்போரில் வெல்ல முடியாமல் சூழ்ச்சியால்தான் பாரியைக் கொன்றார்கள் என்பது மரபு. அப்படியிருக்க "வென்று எறியும் முரசு" என்று அவர்களைச் சொல்வதில் இகழ்ச்சி இருக்கிறதென்றே நான் படிக்கிறேன்.

அடுத்தது, நான்காம் அடி எங்கே முடிகிறது என்று பாருங்கள். "வேந்தரெம்". அந்த "எம்" அடுத்த அடியின் "குன்றும்" என்ற சொல்லுக்கு உரியது. இரண்டாம் அடியில் "எங்குன்றும்" ஒரே அடிக்குள் சேர்ந்திருந்தது. குன்று அவர்களுடையதாக இருந்த காலம் அது. இப்போது "எம்" ஓர் அடியில், "குன்றும்" வேறோர் அடியில். குன்று கைவிட்டுப் போனதைச் சொல்லும் இடத்தில் அந்தத் தொடரே அடிமுறிவில் பிரிந்துபோகிறது. கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராகக் குறைவது நேரிசை ஆசிரியப்பாவின் விதிதான். எல்லாப் பாட்டிலும் குறையும். ஆனால் அந்தக் குறைந்த அடியின் விளிம்பில் எந்தச் சொல்லை நிறுத்துவது என்பது பாடியவரின் கையில் இருக்கிறது.

மூன்றசைச் சீர் பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று "எங்குன்றும்", மற்றொன்று "கொண்டார்யாம்". இரண்டாம் அடியை "உடையேமெங் குன்றும்" என்று பிரித்தாலும் அந்த அடியில் ஒரு காய்ச்சீர் வரத்தான் செய்யும். உடைமையைச் சொன்ன அடியிலும் பறிபோனதைச் சொன்ன அடியிலும் மட்டும் ஓட்டம் சற்றுக் கனக்கிறது. நிலவைச் சொல்லும் அடிகள் இலேசாகப் போய்விடுகின்றன. இதைப் பாரி மகளிர் எண்ணிச் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. படிக்கிறபோது நமக்கு என்ன நடக்கிறது என்பதை அலகிடல் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பகுப்பாய்வில் "கவிஞர் இதைத் திட்டமிட்டார்" என்று எழுதுவதைவிட "இந்த இடத்தில் ஓட்டம் இப்படி மாறுகிறது" என்று எழுதுவது பாதுகாப்பானது, உண்மையானதும்கூட.

இனி வரிசையைப் பாருங்கள். முதல் பாதியில் தந்தை முதலில், குன்று அடுத்தது. இரண்டாம் பாதியில் குன்று முதலில், தந்தை கடைசியில். "எந்தையும்" என்ற அதே சொல், அதே கூவிளம். முன்பு அடியின் தலையில் "உடையேம்" என்பதோடு நின்றது. இப்போது பாட்டின் கடைசியில் "இலமே" என்பதோடு நிற்கிறது. உடையேம், இலமே இரண்டும் புளிமாதான். ஓசையளவு மாறாமல் பொருள் மட்டும் முற்றிலும் மாறிவிட்டது.

இப்போது மெய்ப்பாட்டுக்கு வரலாம். அழுகை, இழவினால் பிறந்தது. இப்படி எழுதுவதற்கு நம்மிடம் இப்போது சான்று இருக்கிறது. இந்தப் பாட்டில் அழுதோம் என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை, ஐயோ என்ற விளி இல்லை. இருந்தது, இல்லை என்ற கணக்கு மட்டும்தான் இருக்கிறது. துயரம் முழுவதையும் ஒரே ஓசையில் திரும்பி வரும் அடியும், மாறிய வரிசையும், பிரிந்துபோன "எம்"மும் சுமக்கின்றன. வேந்தரைப் பற்றிய அந்த ஒரு தொடரில் மட்டும் இகழ்ச்சியின் கீற்று தெரிகிறது. உடனே அது இழப்புக்குள் அமிழ்ந்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பனுக்குத் திரும்புங்கள். அந்தக் கலிவிருத்தத்தில் ஓட்டம் எங்குமே மாறவில்லை என்று பார்த்தோம். அப்படியானால் உணர்ச்சி இல்லையா? இருக்கிறது. ஆக்கல், காத்தல், அழித்தல் என்று "நீங்கலா" நடந்துகொண்டே இருக்கும் அளவில்லாத விளையாட்டைப் பற்றிய பாட்டு அது. நிற்காத செயலுக்கு நிற்காத ஓட்டம். மெய்ப்பாடு மருட்கை, பெருமையினால் பிறந்தது. மாற்றத்தைத் தேடிப் போய், மாற்றமே இல்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

புதுக்கவிதைக்கு என்ன செய்வது

1959இல் தொடங்கிய "எழுத்து" இதழின் காலத்திலிருந்து சீரும் தளையும் இல்லாத கவிதைகளே நம் கண்ணில் அதிகம் படுகின்றன. அங்கே தேமா புளிமா பார்ப்பதில் பயனில்லை. கேட்கும் கேள்வி மட்டும் அதுவேதான். வாக்கியம் முடியும் இடமும் வரி முடியும் இடமும் ஒன்றா? வரியின் விளிம்பில் எந்தச் சொல் தனியாக நிற்கிறது? எந்த வரி மற்றவற்றைவிட நீளம், எது குட்டை? எந்தச் சொல் திரும்ப வருகிறது, திரும்பும்போது அதன் பக்கத்தில் இருப்பது மாறியிருக்கிறதா? பாரி மகளிர் பாட்டில் "எம்" தனியாக நின்றதைக் கவனித்த கண்ணுக்கு இதெல்லாம் தானாகவே தெரியத் தொடங்கும்.

எழுதும்போது

குறிப்புகள் முழுவதையும் கட்டுரையில் கொட்டவேண்டாம். ஐந்து அடிக்கும் அலகிட்டதை இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பா வகையை ஒரு வாக்கியத்தில் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். பிறகு ஓட்டம் மாறும் இரண்டு இடங்களை, அல்லது மூன்றை, எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் என்ன மாறியது, அங்கே என்ன சொல்லப்படுகிறது என்று எழுதுங்கள். மெய்ப்பாட்டின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். இப்படி ஒரு பத்தி:

"நேரிசை ஆசிரியப்பாவில் அமைந்த இப்பாட்டின் முதலாம், மூன்றாம் அடிகள் சீரமைப்பில் ஒன்றே. இரண்டு எழுத்துகளின் மாற்றமே அன்றையும் இன்றையும் பிரிக்கிறது. இரண்டாம் அடியில் சேர்ந்திருந்த 'எங்குன்றும்' என்ற தொடர், நான்காம் அடியின் இறுதியில் முறிந்து ஐந்தாம் அடிக்குப் போகிறது. துயரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுமின்றி, இழவினால் பிறந்த அழுகை இந்த அமைப்பின் வழியே வெளிப்படுகிறது."

நான்கே வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் பாட்டில் விரல் வைத்துக் காட்டமுடியும்.

அடுத்த பயிற்சிக்குக் குறுந்தொகை 40, "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே அடி, அதுவும் நேரிசை ஆசிரியப்பா. முதல் மூன்று அடிகளிலும் "உம்" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நான்காம் அடியில் அது என்ன ஆகிறது என்று பாருங்கள். மூன்று சீராகக் குறைந்த அந்த அடியில்தான் பாட்டின் ஒரே உவமை இருக்கிறது. "எந்தையும்", "நுந்தையும்" இரண்டிலும் ஐகாரத்தைக் குறிலாக எண்ண மறந்துவிடாதீர்கள்.